தைத்து வைத்த கை

குழந்தையின் பட்டுச் சட்டையில் வலது கையின் நுனி இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது. உள்ளே பிஞ்சு விரல்கள் முட்டி மோதின.

சோன்யோங்கிற்குப் பகீரென்றது. விடிந்ததிலிருந்து அரிசி கேக் அவித்து இடுப்பு விட்டுப்போயிருந்த நேரத்தில் இது வேறா!

கொழுந்தன் மகன் யூலுக்கு இன்று முதல் பிறந்தநாள். மேஜையில் நூல்கண்டு, தூரிகை, பந்து, ஸ்டெதஸ்கோப். கொரிய வழக்கப்படி, குழந்தை இதில் எதை எடுக்கிறானோ அதுதான் அவன் எதிர்காலம். ஓரகத்தி தாஹ்யே எல்லாவற்றையும் அவனுக்கு இடது பக்கமாகவே நகர்த்தினாள். அதில் ஸ்டெதஸ்கோப்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

'ஓகோ! டாக்டராக்க இவ்வளவு தில்லுமுல்லா?'

தாஹ்யே அந்தப் பக்கம் திரும்பியதும் சோன்யோங் கத்தரிக்கோலால் தையலை நறுக்கிவிட்டாள்.

யூல் வலது கையை வெளியே நீட்டி, லபக்கென்று ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்தான்.

"டாக்டரேதான்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

தாஹ்யே மட்டும் சமையலறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லாத முகம்.

"நீ நினைச்சதுதானே நடந்தது? அப்புறம் என்னடி?" என்றாள் பின்னாலேயே வந்த சோன்யோங்.

"அவனுக்கு இடது கை சரியா வராதுக்கா. வலது கையே எல்லாத்தையும் செஞ்சா, மூளைல இடது கைக்கு வழியே விழாதாம். இந்த வயசுல பழக்கினாத்தான் உண்டுன்னு டாக்டர் சொன்னாங்க. தினமும் கொஞ்ச நேரம் நல்ல கையைக் கட்டி வைக்கணும். ஏழு மாசப் பாடுக்கா. இந்த வாரம்தான் அந்தக் கை தானா நீளுது."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"ஆளாளுக்கு ஐயோ பாவம்பாங்க. அதையும் தாங்க எனக்குத் தெம்பில்ல."

சோன்யோங் ஊசிநூலோடு கூடத்துக்குப் போனாள்.

"சட்டை பிரிஞ்சிருக்கு. முதல்ல எடுத்தது செல்லாது. மறுபடியும் எடுக்கணும்!"

"டாக்டராகப் போறவனை ஏம்மா கெடுக்கிறே?" மாமனார் சிடுசிடுத்தார்.

"பெரியம்மா நான் சொல்றேன்ல!"

அவளே உட்கார்ந்து சட்டையின் வலது கையைத் தைத்து மூடினாள். யூல் அழுதான். "கல்நெஞ்சக்காரி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

அழுகை ஓய்ந்தது. இடது கை நடுங்கியபடி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாய் விரிந்து, எதையோ பற்றின.

"என்ன எடுத்தான்? என்ன எடுத்தான்?" மாமனார் எட்டி எட்டிப் பார்த்தார்.

சோன்யோங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையையே பார்த்திருந்ததில், அதை மட்டும் அவள் பார்க்கவே இல்லை.