மிளகுக் கடையில் ஓர் ஒத்திகை

“கையை உதறாதீங்க நானா. என் கையை நல்லாப் புடிச்சிக்கிட்டுச் சொல்லுங்க.”

“வேர்க்குதே தம்பி.”

“வேர்க்கட்டும். சத்தமா.”

“என் மக…” என்று தொடங்கிய ஜுனைதீன் அதோடு நின்றார்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. மாத்தளையில் எவரையும் பேரம் பேசியே அழவைக்கும் அந்த மிளகு முதலாளிக்கு, நாலு பேர் வரிசையாக உட்கார்ந்துவிட்டால் நாக்கு மரக்கட்டை.

போன வருடம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் தலைமையுரைக்கு எழுந்தவர், “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் போல அருமையான தலைமையுரையைக் கேட்டதேயில்லை என்று பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஊர் ‘சலாம் முதலாளி’ என்று பட்டமும் கொடுத்தது.

இப்போது, ஞாயிற்றுக்கிழமை மகள் மஸீஹாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கலேவெல அரிசி ஆலைக்காரரின் மகன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணை மணமுடித்துத் தரும் நிக்காஹ் வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைப் பள்ளிவாசல் லெப்பையிடம் விட்டிருக்கலாம். ஆனால் எதிர்க்கடை ஸக்கரியா போன மாதம் தன் மகளுக்கு மைக்கில் தானே சொல்லிவிட்டார். மார்க்கம் கேட்காததை மானம் கேட்டது.

பயிற்சிக்கு ஆள் பார்த்துக் கொடுத்தது மஸீஹாதான். இப்போது எதிரே கையைப் பிடித்திருக்கும் இளம் வாத்தியார் நுஹ்மான், மேடைப் பேச்சில் கெட்டிக்காரன். வாப்பாவின் மானத்தில் அந்தப் பிள்ளைக்குத்தான் எவ்வளவு அக்கறை!

“சபைன்னா ரெண்டு பேராவது ஈக்கணும்” என்று தையற்காரர் பாறூக்கையும் தராசு பிடிக்கும் பலீலையும் மிளகு மூட்டைகள் மேல் உட்காரவைத்திருந்தான் நுஹ்மான்.

“மாப்பிள்ளைட பேர் வேணாம், பதறுவீங்க. என்னைப் பார்த்து ‘உங்களுக்கு’ன்னே சொல்லுங்க. பதினோராவது தடவை. ம்!”

ஜுனைதீன் கண்ணை மூடினார். திறந்தார்.

“என் மகள் மஸீஹாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்!” கூரைத் தகரம் அதிர்ந்தது.

“ஏற்றுக்கொண்டேன்” என்றான் நுஹ்மான். பாறூக் கைதட்டினார். ஜுனைதீன் மூன்று தேர்தலில் வென்றவர் மாதிரி வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் முந்நூறு பேர். கலேவெல மாப்பிள்ளை பூமாலையோடு உட்கார்ந்திருந்தார். ஜுனைதீன் மைக்கை லெப்பையிடமிருந்து ஏறக்குறையப் பறித்தார். முன்வரிசையில் ஸக்கரியா இருப்பதை ஒருமுறை உறுதிசெய்துகொண்டார்.

“லெப்பை, ஒரு சந்தேகம்” என்று பின்வரிசையில் எழுந்தான் நுஹ்மான். “ரெண்டு சாட்சிக்கு முன்னால ஒரு வாப்பா வெளையாட்டா நிக்காஹ் செஞ்சு குடுத்து, எதிர்ல ஈக்கிறவர் ஏத்துக்கிட்டா?”

சபையில் சந்தேகம் கேட்டால் லெப்பைக்கு அதைவிட விருந்து கிடையாது. பெருந்தன்மையோடு ஜுனைதீனே மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

“நிக்காஹ்ல வெளையாட்டுன்னு ஒண்ணு இல்ல வாத்தியார். சொன்னா சொன்னதுதான்!” ஊருக்கே கேட்டது.

பாறூக்கும் பலீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜுனைதீன் மைக்கை லெப்பையிடமே திருப்பி நீட்டினார்.

நுஹ்மான் முன்னால் வந்து, பணிவாகக் கையை நீட்டினான்.

“மாமா, வெள்ளிக்கிழமை எனக்குச் சொன்னதை இந்தச் சபைக்கும் ஒருக்காச் சொல்லிடுங்க.”