மன்னிப்புச் சீட்டு

சாக்கில் சுற்றிய சுவர்க் கடிகாரத்தோடு, சைலஸ் மார்டனின் சாராயக் கடைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தார் ஜோசையா வெப்லி.

“என் கடையிலயே ஒசத்தி இதுதான் சைலஸ். பன்னண்டு மணிக்கு என்னையப் பத்திக் கேப்பாங்க. பேசினபடி சொல்லிடு.”

“கவலைய விடுங்கண்ணே. என் வாக்கு தவறாது.”

ஹெதர்வெல் ஊரில் இருபது வருஷமாக ஓட்டுகளை விலைபேசி வாங்கும் தரகனின் வாக்கு அது. நம்பித்தான் ஆக வேண்டும்.

லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்திருந்தது. லஞ்சத்தில் ஊறிய இந்த ஊருக்கு இனி நாடாளுமன்றத்தில் இடமே கிடையாது என்று சட்டம் வரப்போகிறதாம். வாங்கியதை ஒப்புக்கொண்டால் மன்னிப்புச் சீட்டு, மறைத்தால் சிறை. அவ்வளவுதான், பாதிரியார் உட்பட ஊரே வரிசையில் நின்று ஒப்புக்கொண்டது. சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிய மகான்களும் உண்டு.

ஜோசையா மட்டும் நேற்று, “நான் எதுவும் வாங்கலைங்கய்யா” என்றார்.

கமிஷன் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்த ஊர்லயா? நாளை மத்தியானம் வரைக்கும் யோசி. அப்பவும் பொய் சொன்னா உள்ள போயிடுவே.”

தேர்தலுக்குத் தேர்தல் ஊரில் எல்லாக் கதவும் புதுச் சாயம் காணும். ஜோசையாவின் கதவு மட்டும் பல வருஷமாக உரிந்து கிடந்தது. கஞ்சன் என்று ஊர் பேசிக்கொண்டது.

பன்னிரண்டு அடித்தது. கமிஷன் முன் சைலஸ் பைபிளை முத்தமிட்டுச் சத்தியம் செய்தான்.

“வெப்லிக்குப் பணம் கொடுத்தியா?”

“கொடுத்தேங்கய்யா. தேர்தலுக்கு அஞ்சு பவுன். எண்ணிப் பாத்துதான் வாங்குவார்.”

கூட்டம் சிரித்தது. ஜோசையாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. “ஆமாங்கய்யா, வாங்கினேன்” என்றார் தலைகுனிந்து.

“இத நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றபடி தலைவர் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஜோசையா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “நல்லா இருப்பே சைலஸ். ஜெயிலுக்குப் போகாம காப்பாத்திட்டே.”

சைலஸ் தொப்பியைக் கழற்றினான். “இருபது வருஷமா நான் நீட்டின காசைத் தொடாத மனுஷன், கடைசியில எனக்கே லஞ்சம் கொடுத்துட்டீங்களேண்ணே.”