ஓசி ஃபிரிட்ஜ்

"வந்துட்டாங்க மகராசி!" என்றார் வெர்னன், ஜன்னல் திரையை விலக்கியபடி.

பால் ஜாடியும் காகிதத்தில் சுற்றிய டிரவுட் மீனுமாக ஹேட்டி வந்துகொண்டிருந்தாள். அந்த ஏரிக்கரை முகாமில், பக்கத்து இடத்தில் மஞ்சள் கதவு வைத்த பழைய டிரெய்லர் வண்டி வீடும் ஒரு கிழட்டு நாயுமாகத் தனியாகத் தங்கியிருப்பவள்.

"மார்லீன், இதையும் உன் ஃபிரிட்ஜ்ல ஒரு ஓரமா வெச்சுடும்மா. என்னோடது இன்னிக்கும் மக்கர் பண்ணுது."

"அதுக்கென்னக்கா, கொடுங்க."

ஏற்கெனவே உள்ளே ஹேட்டியின் வெண்ணெய், ஹேட்டியின் முட்டை, ஹேட்டியின் நாய்க்கு வேகவைத்த கோழி. வெர்னனின் மனைவி மார்லீன் தன் உருளைக்கிழங்கு சாலட்டை நகர்த்தி இடம் பண்ணினாள்.

வெர்னனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க அக்கா. அந்த ஓட்டைப் பெட்டியைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க. அதோட, ஃபிரிட்ஜுக்கெல்லாம் ஒரு கைராசி வேணும்."

"உங்க கைராசி எனக்கு ஏது தம்பி!" சிரித்துக்கொண்டே போனாள் ஹேட்டி.

அந்தக் கைராசிக் கதை முகாமில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ரிட்டயரான கையோடு, சேமிப்பையெல்லாம் போட்டு இந்த டிரெய்லரை வாங்கியிருந்தார் வெர்னன். பிக்கப் வண்டிக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு, மனைவியோடு ஒரு வருஷம் நாடு சுற்ற வேண்டும். அவருடைய வாழ்நாள் ஆசையே அதுதான்.

ஆனால் அந்த ஃபிரிட்ஜ் இருக்கிறதே, சரியான அழுத்தக்காரி. ஒரு ஊரில் ஐஸ் கட்டும், அடுத்த ஊரில் பாலைத் திரிய விடும்.

இங்கே வந்த இரண்டாம் நாளே பால் தயிராகிவிட்டது. சாசேஜ் நாறிப்போனது. மார்லீன் வாசல் படியில் உட்கார்ந்து அழுதே விட்டாள்.

"போதும்ங்க. நாளைக்கும் இது ஓடலைன்னா நேரா வீட்டுக்குப் போறோம். இதை வித்துடுங்க."

வெர்னன் மனைவியைச் சமாதானப்படுத்தப் படகில் அழைத்துப்போனார். திரும்பி வந்ததும், ஆனது ஆகட்டும் என்று ஃபிரிட்ஜின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

மறுநாள் காலை பால் ஜில்லென்று இருந்தது!

"ஒரே குத்து! வழிக்கு வந்துடுச்சு பாருங்க!" என்று அன்றிலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஹேட்டியின் ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டதும் அதே சமயம்தான். அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

"என் கைராசியில இந்தம்மா குளிர் காயுது" என்றார் வெர்னன். "அந்த டிரெய்லரைப் பாரேன், குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குது. இவங்கதான் வந்த அன்னிக்கு எனக்கு வண்டி நிறுத்தச் சொல்லிக் கொடுத்தாங்க. 'அந்தப் பக்கம் பள்ளம் தம்பி'ன்னு! முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன்கிட்ட!"

"மெதுவா பேசுங்க. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. நாம படகுல போய்ட்டு வந்தப்போ, நம்ம பின்பக்கப் புதர்லேருந்து முட்டியெல்லாம் மண்ணோட எழுந்து வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? கேட்டா நாயைத் தேடினாங்களாம். நாய் அவங்க வாசல்ல குறட்டை விட்டுட்டு இருக்கு! அன்னிக்கே நான் டூல் பெட்டியைப் பூட்டிட்டேன்."

"ஒரு ஜாடிப் பால் வைக்கிறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நம்ம ஃபிரிட்ஜ்தானே ஓசியில கிடைக்குது!"

கிளம்புகிற நாள் வந்தது. காலையில் மார்லீனே கேட்டாள்: "அடுத்து எங்கங்க? கடற்கரைப் பக்கம் போலாமா?"

வெர்னனுக்கு உச்சி குளிர்ந்தது. விற்கிற பேச்சே இல்லை! சீட்டியடித்துக்கொண்டே டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டினார். ஹேட்டி தன் பால் ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வழியனுப்ப நின்றாள்.

வண்டி நகர்ந்தது.

'தடக்!'

டிரெய்லர் ஒரு பக்கமாகத் தொப்பென்று இறங்கியது. உள்ளே ஒரு கோப்பை உடைந்தது.

பதறிப்போய் இறங்கி ஓடினார் வெர்னன். புதர்ப் பக்கத்துச் சக்கரம் நின்றிருந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கனத்த பலகைகள். இரண்டுக்கும் மஞ்சள் பெயிண்ட். ஹேட்டியின் கதவில் இருந்த அதே மஞ்சள்.

"இது... இது எப்படி என் சக்கரத்துக்கு அடியில?"

"நான்தான் தம்பி. நீங்க படகுல போயிருந்தப்போ ஜாக்கி போட்டுத் தூக்கி சொருகிட்டேன்" என்றாள் ஹேட்டி. "டிரெய்லர் சாஞ்சு நின்னா இந்த மாதிரி ஃபிரிட்ஜ் குளிராது. சொன்னா நீங்க கேக்கிற ஆளில்ல. இந்தப் பொண்ணு வேற வாசல்ல உக்காந்து அழுதுட்டு இருந்தாளா, மனசு கேக்கல."

வெர்னனின் முகம் பீட்ரூட் ஆனது. "அப்போ... என் குத்து?"

"அதுவும் நல்ல குத்துதான் தம்பி. என் டிரெய்லர் வரைக்கும் கேட்டுச்சு."

மார்லீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது. ஒருபக்கமாகச் சாய்ந்து நின்ற ஹேட்டியின் டிரெய்லரையே பார்த்தாள்.

"அப்போ உங்க ஃபிரிட்ஜ்... அதுவும் அன்னிலேருந்துதானே அக்கா ஓடல?"

ஹேட்டி குனிந்து, பலகைகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பின்ன? என்கிட்ட இருந்ததே இந்த ஒரு ஜோடிப் பலகைதானேம்மா!"