மானேஜரின் தயிர்

"இன்னைக்கு ரெண்டா போட்டுரலாமா அக்கா?" என்று கேட்டார் விஞ்ஞானி, கையில் மாத்திரைக் குப்பியோடு.

"ஒண்ணே போதும். ரொம்ப நல்லவராயிட்டா நமக்குத் தாங்காது" என்றாள் அக்கா.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம் அது. விஞ்ஞானி அங்கே மெக்கானிக். செல்போனில் எதையாவது படித்துவிட்டு வந்து எல்லோர் உயிரையும் வாங்குவதால் அந்தப் பெயர். அக்கா கணக்கு எழுதுபவள். அவளைவிட மூத்தவரான விஞ்ஞானிக்குக்கூட அவள் அக்காதான். இருவரும் இப்போது ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது, மானேஜர் மதியத்துக்காக வீட்டிலிருந்து கொண்டுவரும் தயிர் டப்பாவுக்காக.

மானேஜரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாலே வள்ளென்று விழுகிற மனிதர். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைவிட அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் மூச்சு முட்டும். ஒருநாள் ஏதோ ஒரு கூட்டல் தப்புக்காக, வந்திருந்த வாடிக்கையாளர்கள் முன்னால், உன்னையெல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்று அக்காவைக் கேட்டுவிட்டார். அக்கா பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். இனி இந்த ஆளிடம் குப்பை கொட்ட முடியாது, வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ஆனால் சட்டென்று எழுந்து போய்விடவும் முடியாது. கணவர் இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

அப்போதுதான் விஞ்ஞானி வாயைத் திறந்தார். குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓயாமல் பேச்சுவார்த்தை நடக்கிறதாம். வயிற்றுக்குள் நல்ல பாக்டீரியா குறைந்துபோனால், மேலே மனசும் சிடுசிடுவென்று ஆகிவிடலாமாம்.

"அவரு கெட்டவர் இல்லக்கா. அவர் வயித்துக்குள்ள இருக்கறதுங்கதான் சரியில்ல" என்றார்.

அந்த நல்ல பாக்டீரியா அடைத்த மாத்திரையைக் கேட்டுப் போனபோது, மருந்துக் கடைக்காரர் இதற்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டவில்லை. ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, சிலருக்கு மனசு லேசாகலாம், சிலருக்கு ஒன்றுமே ஆகாமலும் போகலாம் என்றார். யாருக்கு என்று கேட்டபோது விஞ்ஞானி கூசாமல் தனக்குத்தான் என்று சொல்லிக் குப்பியை வாங்கி வந்தார்.

அடுத்தவர் சாப்பாட்டில் கை வைப்பது தப்புதான். மாத்திரையைப் பிரித்துப் பொடியைத் தயிரில் கலந்தபோது முதல் நாள் அக்கா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மானேஜரோ டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம் என்றார்.

அந்த வாரமே மனிதர் தலைகீழாக மாறிப்போனார். நேரம் கழித்து வந்த விஞ்ஞானியிடம், வண்டியைப் பார்த்து ஓட்டு, அவசரமே வேண்டாம் என்றார். அக்காவிடம் கணவரின் இடுப்பைப் பற்றி விசாரித்தார். பில்லில் தப்பு வந்தால், பரவாயில்லை, மனுஷன் செய்கிற வேலைதானே என்றார். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் முன்பெல்லாம் கட்டடமே அதிரும். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காத குரலில் பேசினார். பாக்டீரியா பிய்த்து உதறுகிறது என்று விஞ்ஞானி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இதற்கு நடுவில்தான் அக்காவுக்கு ஒரு ஏ.சி. கம்பெனியிலிருந்து வேலை வந்தது. அதே சம்பளம்தான், ஆனால் பஸ் மாறிப் போக வேண்டும். இன்று மதியத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். முன்பென்றால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்பாள். இப்போது எதற்காகப் போக வேண்டும்? இங்கே வீடு பக்கம், மதியம் ஒரு நடை போய்க் கணவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்துவிடலாம். மானேஜரும் பசுவாகிவிட்டார்.

தயிரைக் கலக்கி மூடி வைத்த கையோடு அக்கா போனை எடுத்தாள். வேலை வேண்டாம் என்று சொன்னாள். நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார்கள். அவளும் இரண்டு தடவை ஆமாம் என்றாள். அப்படியானால் காத்திருக்கும் இன்னொரு பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மானேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். தயிர் டப்பா காலியாக இருந்தது. மருந்து உள்ளே போய்விட்டது என்று அக்கா திருப்தியோடு உட்கார்ந்தாள்.

"இந்தக் கிளையை மூடறாங்கம்மா" என்றார் மானேஜர், மிக மெதுவாக. "எனக்குத் தெரிஞ்சு கொஞ்ச நாளாச்சு. இன்னைக்குத்தான் உங்ககிட்ட சொல்லலாம்னு சொன்னாங்க. விஷயம் தெரிஞ்சதுலேருந்து யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மனசே வரல."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். "எல்லாருக்குமே வேலை போயிருமா சார்?"

"எல்லாருக்கும்தான். ஆனா நீ எதுக்கும்மா கலங்கறே?" என்று தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "வீட்டுல ஒருத்தர் படுத்திருக்காரேன்னு உனக்கு மட்டும் அந்த ஏ.சி. கம்பெனியில கால்ல விழாத குறையா கேட்டு வெச்சேன். என் பேரைச் சொல்ல வேணாம்னுட்டேன், அவ்வளவுதான். என்னைக்கு வந்து சேரச் சொன்னாங்க?"