வியாழக்கிழமை போன்

பரக்கத்துல்லா ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய கைலியைத் திணித்தான். அதற்குப் பிறகுதான் செல்போனில் விருத்தாசலத்து எண்ணை அழுத்தினான்.

கீழே தெருவில் டயர் எரிந்துகொண்டிருந்தது.

ஏமன் அரசாங்கம் ஒரே ராத்திரியில் டீசல் விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டது. நேற்றிலிருந்து சனா நகரமே தெருவில் நின்றது. முதலில் கல்லெறி, அப்புறம் கண்ணீர்ப்புகை, இன்று காலையிலிருந்து துப்பாக்கி.

சூளைக்கு டீசல் இல்லை. இவன் வேலை செய்கிற கழிப்பறைப் பீங்கான் கம்பெனியின் முதலாளி கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளூர்க்காரர்கள் அதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில். மாடி அறையில் இவனும் நாலு காய்ந்த ரொட்டியும்தான் மிச்சம்.

இதையெல்லாம் மனைவி உமைராவிடம் சொல்ல முடியுமா? ஏழு மாதக் கர்ப்பிணி. வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் போன் வராவிட்டால் அழுது ஊரைக் கூட்டிவிடுகிற ஆள். அடுத்த வீட்டு அமீர் நிஷா மாமியின் போனுக்குப் பக்கத்தில் நாலரைக்கே வந்து உட்கார்ந்திருப்பாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள். ஊர் சிராமிக் எஸ்டேட்டில் முன்பு இவன் பொம்மை வார்த்துக்கொண்டிருந்த பட்டறையில், இந்த வாரம் சூளை பிரித்தால் பாதிப் பொம்மை விரிசலாம். இவன் கை இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்காதாம். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் படபடவென்று சுட்டார்கள். அதென்ன சத்தம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல புள்ள. மொதலாளி வூட்டுல கல்யாணம், பட்டாசு வுடுறாங்க."

போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டான். அவள் நம்பிவிட்டாள். இவன் எதைச் சொன்னாலும் நம்புகிறவள்தான், பாவம்.

"ஏமன்லதான் டீசலுக்காக ஆளுங்கள சுடுறாங்களாம், டிவில காட்டுனாங்க. நல்லவேள, நீங்க துபாய்ல இருக்கீங்க. நம்ம ஃபஹதுக்கும் உங்கள அனுப்புன அதே ஏஜெண்டுதான் விசா எடுத்துக் குடுத்திருக்காரு, ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு."

ஃபஹத் அவளுடைய தம்பி. பத்தொன்பது வயது.

துபாய் என்று சொல்லித்தான் அந்த ஏஜெண்டு இவனையும் அனுப்பினான். துபாயில் இறக்கி, வேறு விமானத்தில் ஏற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. மங்கலம்பேட்டை வரைக்கும் போய்ச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தவனுக்கு, அதைத் திருப்பிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் ஐந்து மாதமாகத் துபாயிலேயே இருந்தான்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அந்தப் பக்கம் உமைரா, லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

போர்வையை உதறிவிட்டு எழுந்தான். இடுக்கிலிருந்த கைலியைப் பிடுங்கிப்போட்டு, ஜன்னலை அகலத் திறந்தான்.

போன் பிடித்த கையைத் தெருவுக்கு நீட்டினான்.