சொல்லக் கூடாத சொல்

அந்த வீட்டில் ஆறு வாரமாக 'வாக்கிங்' என்ற சொல்லுக்குத் தடை. பாதிச் சொல் காதில் விழுந்தாலே போதும், முன்னறையில் படுத்திருக்கும் ஜீவன் மாவுக்கட்டுப் போட்ட காலோடு வாசலுக்குப் பாயும். பிடித்து நிறுத்த ஒரு பட்டாளமே வேண்டும்.

"மெதுவா பேசுங்க," என்று கணவனை அடக்கினாள் மனைவி. "சாயங்காலம் கட்டு பிரிக்கிறாங்க. அதுக்குள்ள ஓடி எலும்பு விலகிச்சுன்னா, மறுபடி ஆறு வாரம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நான் எங்க சொன்னேன்? 'டபிள்யூ'ன்னு முதல் எழுத்தைத்தானே சொன்னேன்."

"அதுவும் இப்பல்லாம் புரியுது. நேத்து அந்த எழுத்தைக் கேட்டே கதவை உடைக்காத குறை."

அந்த நேரம் பார்த்து, போனும் காதுமாக உள்ளே வந்தாள் மகள். "வாக்கிங் போயிட்டு வந்து கூப்பிடுறேண்டி."

முன்னறையில் தடதடவென்று சத்தம். மனைவி ஒரே தாவலில் வாசலை மறித்தாள்.

"விடும்மா, ஒரே ஒரு ரவுண்டு," என்று ஊன்றுகோலோடு வந்து நின்றார் மாமனார்.

"மாமா, சாயங்காலம் வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"பொறுத்துத்தானே ஆகணும். நல்ல காலுக்குப் போடுற ஷூவைக் காணோம். யார் ஒளிச்சு வச்சீங்க?"

மூவரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

தினமும் அவரோடு எட்டு ரவுண்டு இழுபட்ட நாய், அந்த ஷூவை இறுகக் கவ்விக்கொண்டு சோபாவுக்கு அடியில் மூச்சுவிடாமல் பதுங்கியிருந்தது.