வெள்ளைத் துணிகளுக்கான தண்ணீர்

மெஷின் ஒருமுறை உறுமியது. பிறகு சிவப்பு வெளிச்சம் காட்டி நின்றுவிட்டது.

உள்ளே சொட்டுத் தண்ணீர் சேரவில்லை. பெட்சீற்றுகள் போட்டது போட்டபடி கிடந்தன.

சும்மா அழுக்கு என்றால் பரவாயில்லை. வெயிலுக்குப் பூசும் எண்ணெய், நண்டுக் குழம்பு, உதட்டுச் சாயம். ஒன்றில் யாரோ வாந்தி எடுத்து, இன்னொன்றால் துடைத்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். நாய்கூடப் படுக்கிற இடத்தில் இப்படிச் செய்யாது.

பாசிக்குடாவில் புதிதாகத் திறந்த ஹோட்டல் இது. எனக்குச் சலவை அறையில் வேலை.

பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் படுக்க இந்தச் சீற்றுகள் வேண்டும். அதனால் இன்றைக்கு எனக்கு லீவு இல்லை என்று மனேஜர் நல்லரத்தினம் நேற்றே சொல்லிவிட்டார்.

லீவு கேட்டது ஜெயரூபன் அண்ணனுக்காக. சண்டை முடிந்து இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, புனர்வாழ்வு முகாமிலிருந்து இன்றைக்குத்தான் விடுகிறார்கள். மறியலில் அடைபட்டிருந்து வருகிறவன் தலைக்கு வார்க்காமல் வாசல் மிதிக்கக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம்.

மனேஜரிடம் அண்ணன் வருகிறார் என்று மட்டும்தான் சொன்னேன். எங்கேயிருந்து என்று சொன்னால் வேலையும் போய்விடும். அண்ணன் எங்கே ஓடிவிடப் போகிறார், பொழுதுபட்டுப் போய்ப் பார் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் பிடுங்கி இந்தச் சீற்றுகளோடு ஊறப்போட வேண்டும் போலிருந்தது.

ஓட்டமாவடியிலிருந்து முகைதீன்பாவா காக்கா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பக்கத்தில் மெஷின் திருத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்னால் தலைமயிரும் கரப்பான் செட்டையுமாக ஒரு கட்டி. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் போகும் குழாயைக் கழற்றினார். அதன் வாயிலிருந்த சின்னச் சல்லடையைக் குறட்டால் பிடித்து இழுத்தார். சளி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

இதுதான், இதுதான் என்றார் மனேஜர், கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

சல்லடையைக் கழுவித் திரும்பப் பூட்டியும் மெஷின் நிரம்பவில்லை. கதவுப் பூட்டைப் பார்த்தார். வயர்களைத் தொட்டுப் பார்த்தார். குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

நான் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனேஜரின் வாய் மட்டும் நிற்கவில்லை. துணியை அள்ளித் திணித்துவிட்டேனாம். பிழையான பட்டனை அமத்திவிட்டேனாம். ஊர்ப் பெட்டைகளை வேலைக்கு எடுத்தால் இதுதானாம். என்னை அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

கடைசியில் காக்கா குழாயின் நுனியை வாளிக்குள் விட்டு, பைப்பைத் திறந்தார். நூல் மாதிரித் தண்ணீர் வந்தது.

"மெசின்ல ஒரு பிழையும் இல்ல சேர். தண்ணி வந்தாத்தானே அது நிரம்பும்."

தண்ணீரைக் கடைசியாகப் பார்த்தார் என்று காக்காவைக் குறை சொல்ல முடியாது. யன்னலுக்கு வெளியே நீச்சல்குளம் ததும்பிக்கொண்டிருக்கும்போது, தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்?

குளத்துக்கு ஹோட்டல் கிணற்று உப்புத் தண்ணீர் போதும். ஆனால் அதில் துவைத்தால் வெள்ளைச் சீற்று மஞ்சளாகிவிடும். ஆகவே சலவைக்கு மட்டும் எங்கள் ஊர்த் தண்ணீர்.

சுனாமியோடு எங்கள் கிணறுகளும் உப்பாகிப் போனவைதான். பிறகு யாரோ வெளிநாட்டுக்காரர் ஊருக்கு மேற்கே நல்ல கிணறு வெட்டி, உயரத்தில் தண்ணீர்த் தாங்கியும் கட்டித் தந்தார்கள். அதிலிருந்து ஹோட்டலுக்குத் தடித்த குழாய் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தவர் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

காலையிலேயே இந்த மெஷின் உறிஞ்சத் தொடங்கிவிடும். மத்தியானம் ஊர்க் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். ஊர் குடிக்கிற தண்ணீரில் கண்டவனுடைய வாந்தியை நானே அலசி விடுகிறேன். சம்பளத்தை வாங்கும்போதும் எனக்கு ஓங்காளம் வரும்.

மனேஜருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உன்னுடைய ஊராக்கள்தான் ஏதோ செய்திருக்கிறார்கள், போய்த் திறந்துவிடு என்றார். தண்ணீர் வராவிட்டால் நீயும் வராதே என்றார்.

சைக்கிளை எடுத்தேன். கேட்டபோது கிடைக்காத லீவு, இப்போது ஏச்சோடு கிடைத்தது.

தாங்கிக்குப் பக்கத்திலுள்ள பொதுக் குழாயடியில் அண்ணன் இடுப்பில் சாரத்தோடு குந்தியிருந்தான். முதுகு எலும்பெல்லாம் தெரிந்தது. தோள் முழுக்கச் சொறி வந்து ஆறிய கறுப்புத் தழும்புகள், சில இன்னும் ஆறாமல். தொட்டுப் பார்த்தேன். ஒரு அருவருப்பும் வரவில்லை.

என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். அம்மா ஒரு வாளியைத் தலையில் வார்த்து முடித்ததும் எழுந்து, துவாய்க்குக் கை நீட்டினான்.

"ஒரு வாளியோட எழும்பிட்டான், மகள். அங்க ஆளுக்கு அவ்வளவுதானாம்."

அவன் தோளைப் பிடித்துத் திரும்பவும் இருத்தினேன். அம்மா வாளியைக் குழாயின் கீழ் வைத்தா. தண்ணீர் வேகமாக விழுந்தது.

நான் தாங்கியின் கீழே போனேன். ஹோட்டலுக்குப் போகும் குழாயின் வால்வு அங்கேதான் இருக்கிறது.

விடியப் புறம் வேலைக்குப் போகும்போது, பயத்தில் முழுக்க மூடாமல், கொஞ்சம் இடம் விட்டுத்தான் அதைப் பூட்டியிருந்தேன்.

இப்போது அந்தக் கொஞ்சத்தையும் இறுக்கிப் பூட்டினேன்.